அறிவு பிறப்பால் வருவதா?
(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"இவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்னும் சொல்லை நாம் மாணவராயிருந்த காலத்தும் கேட்டோம். ஆசிரியரான பின்னரும் கேட்டோம். பாமரர் கூறின் அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். பேரறிஞர் ஒருவர் எண்களோடு கூறினால் என் செய்வது? அத்தகைய ஒரு வரலாற்றையே இன்று கூற விழைகிறோம்.

இங்கிலாந்தின் உளவியல் அறிஞர் சிரில் பர்ட் 1946இல் 'சர்' பட்டம் பெற்றவர். ஒரே கருவில் தோன்றி, குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களை ஆராய்ந்ததாக அவர் எழுதினார். சூழல் வேறாயினும் அவர்தம் அறிவுத்திறன் பெரிதும் ஒத்திருந்ததாம். ஆகவே அறிவு பெரும்பாலும் பிறப்போடு வருவது என்பது அவர் முடிபு. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின் அந்நாட்டில் பதினொரு வயதிலேயே தேர்வு நடத்திப் பிள்ளைகளைத் தரம் பிரித்தனர். அம்முறைக்கு இத்தகைய கருத்துகள் அரணாயின. 1969இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜென்சன், கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் இடையே காணும் வேறுபாட்டில் மரபுக்கும் பங்கிருக்கலாம் என்று எழுதினார். பர்ட்டின் எண்களையும் அவர் துணைக்கொண்டார்.

பர்ட் 1971இல் மறைந்தார். அமெரிக்கப் பேராசிரியர் லியோன் காமின் அவருடைய கட்டுரைகளை அடுக்கி வைத்துப் படித்தார். 1955இல் இரட்டையர் 21 இணை. 1966இல் 53 இணை. ஆனால் ஒற்றுமையைக் காட்டும் எண் இரண்டிலும் 0.771. ஒரு வகுப்பில் 21 மாணவரின் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, மேலும் 32 பேரைச் சேர்த்த பின்னும் அது மூன்றாம் தசம இடம் வரை மாறாதிருந்தால் எந்தக் கணக்காசிரியர் நம்புவார்? காமின் தம் ஐயங்களை 1974இல் நூலாக வெளியிட்டார்.

அடுத்து வந்தவர் பத்திரிகையாளர். 'சண்டே டைம்ஸ்' இதழின் மருத்துவச் செய்தியாளர் ஆலிவர் கில்லி, பர்ட்டின் உதவியாளர்களாகக் காட்டப்பட்ட மார்கரெட் ஹோவர்ட், ஜேன் கான்வே என்னும் இருவரைத் தேடினார், காணவில்லை. 1976 அக்டோபரில் அச்செய்தி வெளிவந்தது. பர்ட்டைப் பெரிதும் மதித்த ஹெர்ன்ஷா என்பாரே அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் ஆராய்ந்தபின், 1979இல் அவரும் மோசடி நடந்தது என்றே முடிவு செய்தார்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1989இலும் 1991இலும் வந்த இரு நூல்கள் பர்ட்டுக்காக வாதாடின. அறிவில் மரபுக்குப் பங்கே இல்லை என்பதும் நம் வாதமன்று. ஆயினும், சரிபார்க்க இயலாத எண்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை அளக்கும் கோலாக நின்றன என்பதில் ஐயமில்லை.

பிழைபட்ட கட்டுரையை வெளியிட்ட இதழே திரும்பப் பெறும் வழக்கம் அறிவியலில் உண்டு. எனினும் அது தானாக நிகழ்வதில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய கட்டுரையொன்றை 'லான்செட்' இதழ் 1998இல் வெளியிட்டது. 2010இல்தான் திரும்பப் பெற்றது. அதன் குறைகளை 2004 முதல் வெளிக்கொணர்ந்தவரும் பிரையன் டீர் என்னும் பத்திரிகையாளரே. இடைப்பட்ட காலத்தில் தடுப்பூசிக்கு அஞ்சிய பெற்றோர் பலர்.

இளைஞர்களே! காமின் செய்தது கூட்டிப் பார்த்தல். கில்லி செய்தது தேடிப் போய்க் கேட்டல். இரண்டும் நம்மால் இயலாதவை அல்ல. உங்களைப் பற்றி எவரேனும் ஒரு கணக்கைக் காட்டினால் சினம் கொள்ளாதீர். தலை குனியவும் செய்யாதீர். எவரை அளந்தீர், எத்தனை பேரை, உடன் இருந்தவர் யார் என்று கேளுங்கள். நமக்குச் சாதகமான கணக்காயினும் அவ்வாறே கேளுங்கள். அப்படிக் கேட்பதற்குரிய கல்வியை இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக அளித்து வருகிறது. அதனை நன்கு கற்று, அடுத்த தலைமுறைக்கும் அளிப்பீர்களாக.