வானிலிருந்து அளக்கும் பசுமை



சிங்கப்பூர் சென்று தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் பொருள் வாங்கித் திரும்பும் நம்மவர்கள், அத்தீவெங்கும் மரங்கள் நிழல் பரப்புவதைக் கண்டு வியக்கின்றனர். அம்மண் ஒரு காலத்தில் பாழ்பட்டுக் கிடந்ததை அறிந்தோர் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியானவர்கள் அங்குக் காட்டை அழித்துக் காம்பியர் பயிரிட்டனர். அதன் இலையைக் காய்ச்சி எடுத்த சாறு தோல் பதனிடப் பயன்பட்டது. காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். விறகுக்காக மேலும் காடு அழிந்தது. ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் மண்ணின் சத்து வற்றவே, நிலத்தைக் கைவிட்டுப் பெயர்ந்தனர். பலர் ஜொகூருக்கே வந்தனர். விட்டுச் சென்ற இடத்தில் லாலான் புல் மண்டியது. தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நதானியேல் கேன்ட்லி 1883-இல் காடுகளின் அவல நிலையை அறிக்கையாக எழுதிய பின்னரே காப்புக்காடுகள் அமைந்தன.

அன்று அவர் நடந்து சென்று கண்டதை இன்று வானிலிருந்தும் காணலாம். 1972-இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் இதற்கு வழி திறந்தது. நலமான இலை சிவப்பொளியை ஈர்த்துக்கொள்ளும். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரைப் பெரிதும் திருப்பியனுப்பும். திரும்பி வரும் அகச்சிவப்பு 50 பங்கு, சிவப்பு 10 பங்கு எனக் கொள்வோம். வேறுபாடு 40, கூட்டுத்தொகை 60. வகுத்தால் ஏறத்தாழ 0.67. இதுவே தாவரக் குறியீடு. வெறும் மண்ணில் இது 0-க்கு அருகில் நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு இந்த எண் இறங்கினால் நிலம் நலிகிறதோ என ஐயுறலாம்.

செயற்கைக்கோள் படங்களைப் பெற்று ஆராயும் மையம் ஒன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1992-இல் நிறுவப்பட்டது. அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள கென்ட் ரிட்ஜ் குன்றே நமக்கு ஓர் எச்சரிக்கை. பயிரிட்டுக் களைத்த அம்மண்ணில் தியூப் தியூப் மரங்கள் அடர்ந்துள்ளன. மேலிருந்து நோக்கின் பசுமை; கீழே மண்ணோ இன்றும் புளிப்பு மிகுந்து சத்துக் குன்றியே இருக்கிறது. லாலானும் பச்சைதானே!

இதற்கு எதிரான மயக்கமும் உண்டு. நம் இரப்பர் மரங்கள் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலையுதிர்க்கும். அப்போது எடுத்த படத்தை டிசம்பர்ப் படத்தோடு ஒப்பிட்டால், வளமான தோட்டமும் பாழ்நிலமாகத் தோன்றும். ஆதலால் பல ஆண்டுகளின் ஒரே மாதப் படங்களை ஒப்பிட வேண்டும். மேகம் மறைத்தவற்றைத் தள்ள வேண்டும். பின்னர் மண்ணையும் எடுத்துச் சோதித்தல் வேண்டும். அதற்காக அலுவலர் வரும்போது, எந்த ஆண்டு மறுநடவு நடந்தது, எந்தச் சரிவில் மழைநீர் மண்ணை அரித்தது என்பவற்றை நாம் எடுத்துக் கூறலாம். எண் இறங்கியதன் காரணம் படத்தில் எழுதியிராது.