குழப்படி என்னும் சொல்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யாழ்ப்பாணத்து வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் 'குழப்படி' என்னும் சொல்லைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். தமிழ்நாட்டார் இதனைக் கேட்பின் ஒழுங்கின்மை என்றே பொருள் கொள்வர். சிறுவர் விளையாட்டுச் செய்கையை அவர்கள் குறும்பு, சேட்டை என்பர். நம்மவரோ, வேலிப் பொட்டால் நுழைந்து அயல் வளவில் மாங்காய் பறிக்கும் பையனையும், ஆச்சியின் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவிட்டு ஒன்றுமறியாதவள்போல் நிற்கும் சிறுமியையும் 'குழப்படி' என்று ஏசுவர்.

இச்சொல்லின் நயத்தைச் சிந்தியுங்கள். குழப்புதலாவது கலக்குதல். கலங்கிய நீர் சற்றுப் பொறுத்தால் தானே தெளியும். 'துஷ்டன்' என்று ஏசுங்கால் பிள்ளையின் சுபாவத்தையே பழிக்கிறோம். 'குழப்படி செய்யாதே' என்னுங்கால் செய்கையை மாத்திரம் கடிகிறோம்.

பண்டைத் தமிழரும் இவ்வேறுபாட்டை அறிவர். கலித்தொகை 51ஆம் பாடலில், மணற்சிற்றிலைச் சிதைத்துப் பந்தைப் பறித்தோடியவனைத் தலைவி 'சிறுபட்டி' என்கிறாள். பின்னொருநாள் அவன் தன் கையைப் பற்றியபோது, தாயிடம் வேறு காரணம் கூறி அவனைக் காப்பவளும் அவளே. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தலுக்கெனத் தனிப்பருவமே வகுக்கப்பட்டுள்ளது.

எனினும் இதற்கு எல்லை உண்டு. எளியோரை ஏளனஞ் செய்தலும் வாயில்லாச் சீவனை வருத்துதலும் குழப்படியாகா, அவை கொடுமை. அவற்றைக் கண்டிக்கப் பெற்றோர் தயங்கலாகாது.

அன்பர்களே! 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் நம் பிள்ளைகள் பதுங்குகுழிகளில் வாய்திறவாது இருக்கப் பழகினார்கள். 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் திரள்திரளாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, தாயின் சேலைத்தலைப்பை விடாமற் பற்றி நடந்தார்கள். அன்று அவர்கள் அடங்கியிருந்ததை நல்லொழுக்கம் என்று யார் சொல்வார்? அது அச்சமன்றோ?

இன்று அவர்களுட் பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் தாமே பெற்றோராயிருக்கின்றனர். கைத்தொலைபேசியின் முன் அசையாதிருக்கும் குழந்தையை 'நல்ல பிள்ளை' என மெச்சுவதும், அது துள்ளினால் அந்நிய பாஷையில் அதட்டுவதும் அவ்வீடுகளில் மட்டுமன்று, ஊரிலுள்ள நம் வீடுகளிலும் காண்கிறோம். பிள்ளைகளுக்கு ஓடியாட முற்றமும் பொழுதும் கொடுங்கள். அவர்கள் வரம்பு மீறினால், 'குழப்படி செய்யாதே' என்று நம் சொல்லாலேயே ஏசுங்கள். அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை தன் பிள்ளையையும் அவ்வாறே பொறுத்துக்கொள்ளும் என்பது நமது நம்பிக்கை.