பலகைமேல் தப்பு, பழி வேறொருவர்மேல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



2012-ல் மின்னணுவியல் துறையில் படித்து முடித்தவன் நான். ஏதாவது சாதனையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டுப் போகிறேன். மாணவர்களுக்கு அதுதான் உதவும்.

2017-ல் நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்துக்கு வெப்பநிலைக் கண்காணிப்புப் பலகை செய்து கொடுத்தோம். முட்டைகள் 21 நாள், சுமார் 37.5 டிகிரியில் இருக்க வேண்டும். வெப்பம் மாறினால் உரிமையாளருக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். ஒரு ஏ.டி.மெகா 328 மைக்ரோகண்ட்ரோலர், பக்கத்திலேயே ஒரு ஜி.எஸ்.எம். மாட்யூல். எங்கள் மேசையில் ஒரு வாரம் ஓடியது, ஒரு குறையும் இல்லை. பண்ணைக்குப் போனதும், எஸ்.எம்.எஸ். அனுப்பப் போகிற நேரம் பார்த்து சிப் ரீசெட் ஆனது! ஒரு ராத்திரி ஹீட்டர் நின்றுபோய், தகவலும் போகாமல், ஒரு பெட்டி முட்டை முழுக்க வீணாகிவிட்டது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 5.0 வோல்ட். "சப்ளை சரியா இருக்கு, ப்ரோகிராம்லதான் தப்பு" என்று உரிமையாளரிடமே சொல்லிவிட்டேன். ப்ரோகிராம் எழுதியவர் இதே கல்லூரியில் எனக்கு நாலு வருஷம் பின்னால் படித்த பெண். வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். இரண்டு வாரம் வரி வரியாகத் தேடினார். அவரை நிறுத்திவிடலாமா என்றுகூட அலுவலகத்தில் பேச்சு வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

கடைசியில் அவரே கேட்டார்: "சார், எதனால ரீசெட் ஆச்சுன்னு சிப்பே ஒரு ரெஜிஸ்டர்ல குறிச்சு வைக்குமே, அதைப் படிச்சுப் பார்க்கலாமா?"

படித்தோம். ப்ரோகிராம் சிக்கி நின்றிருந்தால் வாட்ச்டாக் பிட் ஏறியிருக்கும். ஏறியிருந்தது பிரவுன்-அவுட் பிட். அதாவது, சப்ளை நாங்கள் வைத்த 4.3 வோல்ட் எல்லைக்குக் கீழே இறங்கியிருக்கிறது. தப்பு என் பலகையில்!

ஆசிலோஸ்கோப்பைப் பண்ணைக்கே தூக்கிக்கொண்டு போனோம். புரோபின் நீள கிரவுண்ட் ஒயர் ஆண்டெனா மாதிரி இல்லாத இரைச்சலையும் காட்டும். அதைக் கழற்றிவிட்டு, குட்டி ஸ்பிரிங்கை வைத்து சிப்பின் காலிலேயே அளந்தோம். 4.6 மில்லி செகண்டுக்கு ஒரு தரம், அரை மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பள்ளம். ஜி.எஸ்.எம். மாட்யூல் அலை அனுப்பும் தாளம் அது. அந்த நேரத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான் போட்ட மெல்லிய ஒயரும் கனெக்டரும் சேர்ந்து 0.4 ஓம். பெருக்கிப் பாருங்கள், 0.8 வோல்ட் போச்சு, மிச்சம் 4.2. மல்டிமீட்டர் சராசரியைத்தானே காட்டும்? எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் டவர்; மாட்யூல் குறைந்த பலத்தில் அனுப்பியது. பண்ணையில் சிக்னல் மட்டம். முழுப் பலத்தில் அனுப்பியது.

மாட்யூலுக்குத் தனியாகத் தடித்த ஒயர், அதன் காலடியில் 2200 மைக்ரோஃபாரட், சிப்பின் ஒவ்வொரு சப்ளை காலையும் ஒட்டி 100 நானோஃபாரட். அப்புறம் 4.8-க்குக் கீழே இறங்கவே இல்லை. செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

உரிமையாளரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். அலுவலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அடுத்த பலகையில என்னையும் லேஅவுட் பார்க்கச் சொல்லுங்க சார்" என்றார். அன்றிலிருந்து என் லேஅவுட் ஒவ்வொன்றையும் அவர் பார்த்த பிறகுதான் தயாரிப்புக்கு அனுப்புகிறேன்.

தம்பி தங்கைகளே, மீட்டர் சரி என்றதும் ஆள்மேல் பழி போடாதீர்கள். முதலில் உங்கள் கைவேலையை அளந்து பாருங்கள்.