பரிசோதனைப் பொருள் அல்லர், பங்காளர்!

(மனநோய் மருந்தாய்வுகளிற் பங்குபற்றுதல் குறித்துப் பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



உடலில் நோய் கண்டவரை ஊர் விசாரிக்கிறது. உள்ளத்தில் நோய் கண்டவரை வீடு மறைக்கிறது. அவ்வாறு மறைக்கப்பட்ட மனிதரிடமே, “புதிய மருந்தொன்றை ஆய்கிறோம், நீர் அதிற் பங்குகொள்வீரா?” என்று மருத்துவ உலகம் கேட்கிறது. அவர் அளிக்கவேண்டிய விடை யாது? அதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இருதுருவ மனநோய் உடையவரின் உள்ளம் ஒரு காலத்தில் அளவுகடந்து பொங்கும், உறக்கம் வேண்டாததாகும், கைப்பொருளை வாரியிறைக்கத் தோன்றும். பிறிதொரு காலத்தில் அதே உள்ளம் இருளில் அமிழ்ந்து, உயிரையே சுமையெனக் கருதும். இவ்விரண்டுக்கும் இடையே தெளிந்த காலமும் உண்டு. அத் தெளிந்த காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதுபற்றிப் பின்னர் கூறுவேன்.

மருந்து வந்த வரலாறு

இந்நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்துகளுள் ஒன்று இலிதியம் என்னும் எளிய உப்பு. சிங்கப்பூரின் சாங்கிச் சிறைமுகாமில் யப்பானியரின் போர்க்கைதியாயிருந்து மீண்ட அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட், அதனை முதலிற் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். பின்னர்த் தாமே உட்கொண்டார். அதன் பின்னரே நோயாளருக்குக் கொடுத்தார். 1949 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், மிகை எழுச்சியால் வருந்திய 10 பேர் தேறியமை கூறப்பட்டது. அவர்களுள் முதல்வர் பல ஆண்டுகள் வைத்தியசாலையிற் கிடந்தவர். வீடு திரும்பிப் பழைய தொழிலையும் ஏற்றார். ஆயினும் அவரே 1950 இல் அம்மருந்தின் நச்சுத்தன்மையால் உயிர்நீத்தார். இன்று இலிதியம் உண்பவரின் குருதியைச் சோதித்து அளவை வரையறுக்கிறார்கள். அவ்வெச்சரிக்கையின் பின்னால் அத்தகைய மனிதரின் உயிர் இருக்கிறது.

டென்மார்க்கில் மொகன்ஸ் ஸ்கௌ என்பவரும் அவருடைய துணைவரும் 1954 இல் இலிதியத்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு ஆய்ந்தனர். நோய் திரும்பாமலும் இம்மருந்து காக்கும் என்று அவர்கள் பின்னர்க் கூறியபோது, 1968 இல் இலண்டன் மருத்துவர் இருவர் அதனை ஏற்க மறுத்தனர். முறையான ஒப்பீடு எங்கே என்று வினவினர். ஸ்கௌவின் உடன்பிறந்தாரே இம்மருந்தால் நலம் பெற்றவர். பயன் தரும் என்று தாம் நம்பும் மருந்தை ஒருவரிடமிருந்து நிறுத்துவது அறமா? நம்பிக்கையை மட்டும் சான்றாகக் கொண்டு ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுப்பது அறமா? இரு பக்கமும் அறமே நின்று வாதிட்டது!

இறுதியில் ஆய்வு நடந்தது. இலிதியம் உண்டுவந்த 84 பேருள் 45 பேர் அதனையே தொடர்ந்தனர். 39 பேருக்கு வெற்று மாத்திரை தரப்பட்டது. 1970 இல் வெளியான முடிவு இது: ஐந்து மாதத்துள் வெற்று மாத்திரை உண்டவருள் 21 பேருக்கு நோய் திரும்பியது, இலிதியம் உண்டவருள் ஒருவருக்கேனும் திரும்பவில்லை. ஐயம் அகன்றது. ஆனால், அந்த ஐயத்தை அகற்றிய விலையைக் கொடுத்தவர் யார்? நூல்களில் மருத்துவரின் பெயர் உண்டு. அந்த 21 பேரின் பெயர் இல்லை.

“பயனில்லை” என்ற முடிவும் பயனுடையதே. அமெரிக்காவில் 366 பேர் பங்குகொண்டு 2007 இல் வெளியான ஆய்வொன்று, மனநிலையைச் சமப்படுத்தும் மருந்தோடு சோர்வுநீக்கி மருந்தையும் சேர்ப்பதால் மேலதிக நன்மை இல்லை என்று காட்டியது. வீணான மாத்திரையிலிருந்து பிறரைக் காப்பதும் தொண்டன்றோ?

சம்மதம் என்பது கையொப்பம் அன்று

ஆகவே, ஆய்வே வேண்டாம் என்று நான் கூறமாட்டேன். யாவரும் விலகி நின்றால் நாளைய நோயாளருக்கு மருந்து எங்கிருந்து வரும்? ஆனால், பங்குகொள்பவர் மனிதராக மதிக்கப்படல் வேண்டும். தானாக முன்வந்து அளிக்கும் சம்மதம் இன்றியமையாதது என்று 1947 இல் நியூரம்பேர்க் நெறி விதித்தது. 1964 இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. 2024 இல் அதனைத் திருத்தியபோது, ஆய்வுக்கு ‘உட்படுத்தப்படுவோர்’ என்ற சொல்லை நீக்கி, ‘பங்குபற்றுவோர்’ என்று எழுதினர். ஒரு சொல் மாறுவதற்கு அறுபது ஆண்டுகள் சென்றன!

இந்நோயிற் சம்மதத்துக்குத் தனிச் சிக்கல் உண்டு. பொங்கும் காலத்தில் நோயாளர் எதற்கும் துணிந்து ஒப்பமிடுவார், சோர்ந்த காலத்தில் “எனக்கு என்ன நேர்ந்தால் என்ன?” என்று ஒப்பமிடுவார். இரண்டும் சம்மதமாகா. ஆதலால், தெளிந்த காலத்திலே, நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு முடிவு செய்க. உறவினர் துணைநிற்கலாம், வற்புறுத்தல் ஆகாது.

ஒப்பமிடுமுன் கேளுங்கள்: இப்போது உண்ணும் மருந்தை நிறுத்த வேண்டுமா? இலிதியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் சீறித் திரும்பக்கூடும். வெற்று மாத்திரை எனக்குக் கிடைக்கக்கூடுமா? நோய் முற்றினால் நள்ளிரவில் யாரை அழைப்பது? தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆய்வு முடிந்தபின் அம்மருந்து எனக்குக் கிடைக்குமா? பிள்ளைப்பேற்றுக்குரிய வயதுடைய பெண்கள் மருந்து கருவைத் தாக்குமா என்றும் கேட்க வேண்டும். வல்புரோவேற்று என்னும் மருந்து கருவுக்குத் தீங்கு செய்வது நிறுவப்பட்ட உண்மை.

இன்னொன்றையும் மறவாதீர். ஆய்வின் முதல் நோக்கம் அறிவைத் தேடுதல். உங்களைக் குணமாக்குவதாக அது வாக்களிப்பதில்லை. எந்நேரமும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. விலகியவருக்கு வழமையான சிகிச்சையை மறுத்தல் ஆகாது.

அன்பர்களே! கேள்வி கேட்கும் நோயாளரைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆய்வாளரிடம் உங்கள் உடலை ஒப்படையாதீர்கள். விளக்கிச் சொல்லி, விடைக்குக் காத்திருப்பவரோடு கைகோத்துச் செல்லுங்கள். மறுப்பதற்கு உரிமையுள்ளவர் தரும் சம்மதமே சம்மதம்! அச் சம்மதத்தின்மேல் எழும் மருத்துவமே மக்கள் மருத்துவம்!