வீரமாமுனிவரின் உடையும் உருவப்படமும்



ஏற்காட்டுக் குளிருக்காகக் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கி அமர்ந்திருக்கும் அவையில் உடையைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

வீரமாமுனிவரை நாம் அச்சுப் படங்களில் அறிவோம். நீண்ட அங்கி, தலைப்பாகை, முனிவர்க்குரிய தாடி. இத்தோற்றத்துக்கு எழுத்துச் சான்று தேடினால், புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய சரித்திரத்தை அடைகிறோம். சிவப்புக் கரையிட்ட அங்கி, ஊதா மேலாடை, காதணி, கையில் நீண்ட கோல், பல்லக்கில் விரித்த புலித்தோல், மயிற்பீலி ஏந்திய பணியாளர் என்று அது விரிகிறது. முனிவர் மறைந்ததோ 1747இல். இடையில் எழுபத்தைந்து ஆண்டுகள். அதே சரித்திரம் அவரைச் சந்தா சாகிப்பின் திவானாகவும் ஆக்குகிறது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதனை ஏற்கவில்லை. திவான் பதவியை ஐயுறுவோர் புலித்தோலை மட்டும் ஐயமின்றி ஏற்பது எங்ஙனம்? பிள்ளையவர்கள் பொய்யுரைத்தார் என்பதன்று என் கருத்து. முனிவரின் நூல்களைத் தேடித் தொகுத்த பெருமகனார் அவர். பெரியோரைப் பல்லக்கில் ஏற்றிப் பார்ப்பது அக்காலத்து மரபு. ஏன், நம் காலத்து மரபும்தான்.

பிரான்சு நாட்டில் இதற்கு வியப்பான இணை ஒன்று உண்டு. 1429ஆம் ஆண்டு மே மாதம், பாரிசு நீதிமன்ற எழுத்தர் ஒருவர் பதிவேட்டின் ஓரத்தில் ஜோன் ஆப் ஆர்க்கின் உருவத்தை வரைந்தார். அவள் வாழ்ந்த நாளிலேயே வரையப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள படம் அது ஒன்றே. அவரோ அவளைக் கண்டதில்லை. ஆகவே நீண்ட கூந்தலும் பெண்ணுடையும் தீட்டிவிட்டார்! அவள் அணிந்ததோ அந்நாட்டு ஆடவர் உடை. 1431இல் ரூவான் நகர விசாரணையில் அவ்வுடையே பெருங்குற்றமாக நின்றது. கண்ணெதிரே நடந்த காலத்துப் படமே இவ்வாறு பிறழுமாயின், பிற்காலப் படங்களை என்னென்பது?

உடைக்காக விசாரிக்கப்பட்ட மற்றொருவர் நம் சேலத்து மண்ணை மிதித்தவர். தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். கறுப்பு அங்கியையும் தோற்காலணியையும் நீக்கிக் காவியும் பாதக்குறடும் பூண்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமய வழக்காயின. 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அவற்றுக்கு இசைவளித்தார். அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்து, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார்.

அக்காவியை வியந்து கவி பாடுவோர் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உயர்குலத்தார் மதிக்கும் சந்நியாசி உடை அது. அதனை அணிந்தவர் தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக இயலாது. எனவே 1640இல் பல்தசார் தா கோஸ்தா என்னும் பாதிரியார் பண்டாரசாமிக் கோலம் பூண நேர்ந்தது. ஒரே சபை, ஒரே மறை. சாதிக்கு ஒன்றாக இரு உடைகள். ஊதா அங்கியின் கரை சிவப்பா என்று ஆராயும் நாம், இவ்விரண்டாம் உடையைப் பற்றி இதுவரை ஒரு கட்டுரையும் இம்மேடையில் படிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அதனையே தலைப்பாக முன்மொழிகிறேன்.