மறுப்பின் படிகள்

பலாங்கொடையிலிருந்து பதுளைக்கு ஏறும் பெருந்தெருவில் ஹல்துமுல்லையைக் கடப்போர், மலைச்சரிவில் நிற்கும் லயங்களைக் கண்டிருப்பீர்கள். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அத்தகைய லயமொன்றில், தாய் வெளிநாட்டில் பணிப்பெண்ணாக உழைக்க, இங்கே அவளுடைய சிறுமிக்கு உறவினன் ஒருவனால் பாலியற் கொடுமை நேர்ந்ததென்று வைத்துக்கொள்வோம். செய்தி வெளிப்பட்டதும் அவன் என்ன சொல்வான்?

"அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்பான். சான்று நெருங்கினால், "விளையாட்டாகத் தொட்டேன்" என்பான். பின்னர், "குடிவெறி, நினைவில்லை." கடைசியில், "அந்தப் பிள்ளைதான் என்னிடம் வந்தது." ஒரு படி இடிந்தால் அடுத்த படியில் கால் வைக்கிறான், தான் செய்த செயலின் முன்னே மட்டும் நிற்க மாட்டான். நினைவில்லை என்று சொல்பவன், கதவைத் தாழிட மட்டும் மறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இது நம் மலைநாட்டுக்கே உரிய தந்திரம் அன்று. அமெரிக்க அறிஞர்களான சைக்ஸ், மாட்சா இருவரும் 1957ஆம் ஆண்டில் இளங்குற்றவாளிகளைப் பற்றி எழுதுகையில், பொறுப்பை மறுத்தல், தீங்கை மறுத்தல், தீங்குற்றவரையே குற்றஞ்சாட்டுதல் என்று தொடங்கி ஐந்து வழிகளை வகுத்தனர். 1984இல் ஸ்கல்லி, மரோலா என்போர், வன்புணர்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறையிலிருந்த 114 பேரிடம் பேசிய ஆய்வை வெளியிட்டனர். நடந்தது வன்செயலே அன்று என்றவர்கள் பெண்ணின்மேல் பழி சுமத்தினார்கள். ஒப்புக்கொண்டவர்களோ மதுவின்மேலும் மனக்குழப்பத்தின்மேலும் சுமத்தினார்கள். ஒப்புக்கொள்வதுங்கூட ஒரு மறைவிடமாகலாம் போலும்!

இச்சொற்களை அவன் எங்கே கற்றான்? நம்மிடமிருந்துதான். "குடித்தால் ஆண்பிள்ளைக்கு நிதானம் இராது", "மானம் போய்விடும், தலைவரை வைத்துப் பேசித் தீர்ப்போம்" என்று நாம் வாசலில் நின்று பேசுவதையே அவன் பின்னர் தன் வாக்குமூலமாக்கிக்கொள்கிறான்.

இலங்கைச் சட்டம் அவற்றுட் சிலவற்றை அடைத்துவிட்டது. 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி, சம்மதமின்மையை நிறுவ உடற்காயம் இன்றியமையாததன்று. 16 வயதுக்குட்பட்ட சிறுமி இசைந்தாள் என்பதும் வாதமாகாது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு.

ஆயினும், அச்சிறுமி முதலில் வாய்திறப்பது தொலைபேசியிடம் அன்று. அடுத்த காம்பராப் பாட்டியிடந்தான். "நீ ஏனம்மா அங்கே போனாய்?" என்று பாட்டி கேட்டுவிட்டால், அவனுடைய கடைசிப் படியை அவளே கட்டிக்கொடுத்துவிடுகிறாள். அக்கேள்விக்குப் பின் அந்தக் குழந்தை வேறொருவரிடமும் சொல்லப்போவதில்லை.