மூட்டு மாற்றிய பின்னும் நீளும் வலி: மனப்பயிற்சிக்கு உரிய இடம்

என்னிலும் தகுதி மிக்க பலர் எதிரே அமர்ந்திருக்க, தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்திருக்கிறீர்கள். நன்றியோடும் சற்றே அச்சத்தோடும் ஏற்கிறேன். அறுவைக்குப் பின் நீடிக்கும் வலி என்னும் பொதுத் தலைப்பைப் பின்வரும் அமர்வுகள் விரிவாக எடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் கடந்தும் தொடரும் வலிக்கு பன்னாட்டு நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 தனி இடம் தந்திருப்பதும், முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நீண்ட நாள் வலியோடு வாழ்வதும் நீங்கள் அறிந்தவை. நான் பேச விரும்புவது மனப்பயிற்சியைப் பற்றி. அதிலும், அதை நாம் எடைபோட்டுவரும் முறையில் உள்ள கோளாறைப் பற்றி.

இரண்டு வேறு முறைகளை ஒன்றாகக் கட்டி ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். கண்ணை மூடி, ஒலிப்பதிவைக் கேட்டு, அமைதியான இடத்தை மனத்தில் கண்டு உடலைத் தளர்த்துவது ஒரு முறை. காலை அசைக்காமலே, முழங்கால் நீள்வதையும் தொடைத் தசை இறுகுவதையும் உள்ளிருந்து உணர்வது மற்றொன்று. முன்னது பதற்றத்தைத் தணிக்க முயல்கிறது. பின்னது தசைக்குப் போகும் மூளையின் ஆணையைப் பழக்குகிறது. மூட்டு மாற்றிய முதல் மாதத்தில் தொடை முன்தசை தன் வலுவில் பாதிக்கு மேல் இழப்பதை 2005-இல் மைஸ்னர் குழுவினர் அளந்து காட்டினார்கள். அந்த இழப்பில் தசை மெலிந்ததன் பங்கைவிட, தசையை முழுமையாக இயக்க முடியாமற் போனதன் பங்கே பெரிது. இயக்கும் ஆணைதான் தடைப்படுகிறது என்றால், பளுவே ஏற்றாமல் அந்த ஆணையைப் பழக்கும் முறைக்கு அங்கே நேரடி வேலை இருக்கிறது. சுண்டுவிரல் தசையைச் சுருக்குவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கும் வலு 22 விழுக்காடு கூடியதை யூ, கோல் இருவரும் 1992-லேயே காட்டியிருக்கிறார்கள்.

வலுக் கூடினால் வலி குறையுமா என்பதே மறுப்பாளர் கேள்வி, நியாயமான கேள்வி. முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுவை செய்துகொண்டவர்களிடம் லெபோன் குழுவினர் 2012-இல் நடத்திய ஆய்வில் தசை இயக்கம் கூடியது, வலி குறையவில்லை. அதையே முடிந்த முடிவாக நண்பர்கள் சிலர் எடுத்துக்காட்டி வருகிறார்கள். அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் முடிவை ஏற்க இயலவில்லை. அதில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அளந்தது சிகிச்சைக் காலத்து வலியை. ஆறிவரும் புண்ணின் வலி குறையாததை வைத்து, பல மாதம் கழித்து நிலைக்கும் வலியைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளிக்கலாகாது. அறுவை மருத்துவர்கள் அதிகம் எடுத்துப் பார்க்காத, உளவியல் இதழொன்றில் வந்த கியூபல், புரூவர் ஆய்வை (2001) இங்கே முன்வைக்கிறேன். அதே ஏ.சி.எல். அறுவை, முப்பது பேர், மூன்று குழுக்கள். கவனிப்பும் ஊக்கமும் பெற்ற போலிச் சிகிச்சைக் குழுவும் அதில் இருந்தது. இருபத்துநான்காம் வாரத்தில் பயிற்சிக் குழுவுக்கு வலுவும் கூடுதல், வலியும் குறைவு. எல்லாம் நம்பிக்கையின் விளைவே என்போர் அந்தப் போலிச் சிகிச்சைக் குழுவுக்கு விடை சொல்ல வேண்டும். ஆனால் அங்கும் தளர்வும் கற்பனையும் கலந்தே தரப்பட்டன. எது பலன் தந்தது என்று பிரித்தறிய வழியில்லாமல் போனது இதனால்தான்.

மூட்டு மாற்றுக்குச் செல்லும் 402 பேரைச் சேர்த்து, வலியைச் சமாளிக்கும் உளப்பயிற்சியைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2019-இல் பலனில்லை என்று முடிந்ததே என்பீர்கள். அது வலியைப் பற்றிய எண்ணங்களைத் திருத்த முயன்றது, இயக்கத்தைத் தொடவில்லை. அதன் தோல்வியை இயக்கக் கற்பனையின் கணக்கில் எழுதுவது முறையன்று. இன்னொரு எச்சரிக்கைக்கு வலு அதிகம்: நாட்பட்ட வலியுள்ளவர்களுக்கு அசைவைக் கற்பனை செய்வதே வலியைக் கூட்டலாம் என்று வலி ஆய்வாளர் மோஸ்லி காட்டியிருக்கிறார். ஆகவேதான் அவருடைய படிநிலைப் பயிற்சி படத்தில் உள்ள உறுப்பு இடதா வலதா என்று அறிதலில் தொடங்கி, கற்பனை அசைவுக்குப் போய், கண்ணாடிப் பயிற்சிக்கு வருகிறது. ஆனால் முழங்காலுக்கு அந்த வரிசையை அப்படியே பெயர்த்து வைக்க நமக்கு இன்னும் போதிய சான்று இல்லை.

எனவே இந்த அவையிடம் ஒன்று கேட்கிறேன். இனித் தொடங்கும் ஆய்வுகளில் தளர்வுப் பயிற்சியையும் இயக்கக் கற்பனையையும் தனித்தனிக் குழுக்களாக்குங்கள். பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்குங்கள். ஆறாம் மாத வலியை முதன்மை அளவீடாக வையுங்கள். நாளைய பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.